எல்லாவற்றிலும் ஐந்து சதவீதமா, ஓரிடத்தில் ஐம்பதா?

2013 மார்ச்சில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இரண்டு பாலர் பள்ளித் திட்டங்களில் குலுக்கல் போட்டார்கள். பரிசுக் குலுக்கல் இல்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் ‘ஹெட் ஸ்டார்ட்’ வகுப்புகளிலிருந்து யாரை நிறுத்துவது என்று முடிவு செய்யும் குலுக்கல். சுமார் மூன்று டஜன் குழந்தைகளின் இடம் போனது.

அடுத்த மாதம், ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை, விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 47,000 ஊழியர்களுக்குச் சம்பளமில்லாத கட்டாய விடுப்பு தொடங்கியது. அங்கே அதை ‘ஃபர்லோ’ என்பார்கள். வானூர்திக் கட்டுப்பாட்டாளர்களும் அதில் அடக்கம். நாடெங்கும் விமானங்கள் தாமதமாயின, பயணிகள் கத்தினார்கள். வியாழக்கிழமை செனட் ஒரு அவசர மசோதாவை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. வெள்ளிக்கிழமை பிரதிநிதிகள் சபை 361க்கு 41 என்று ஒப்புக்கொண்டது. உறுப்பினர்கள் ஒரு வார விடுமுறைக்கு ஊர் திரும்ப விமான நிலையம் கிளம்பினார்கள்.

குலுக்கலுக்கும் தாமதத்துக்கும் காரணம் ஒரே சட்டம். எல்லாத் துறைகளிலும் ஒரே விகிதத்தில், யாரும் கையெழுத்துப் போடத் தேவையில்லாமல், குறித்த தேதியில் தானாகவே விழும் வெட்டு. ‘சீக்வெஸ்ட்ரேஷன்’ என்பது அதன் சட்டப் பெயர். பாரபட்சமில்லாத வெட்டு என்றுதான் அதை விற்றார்கள். பாரபட்சம் எங்கே நுழைந்தது என்பதை மேலே சொன்ன இரண்டு காட்சிகளே காட்டிவிடுகின்றன.

சரி, ஒரு நாட்டின் செலவு வரவைவிட அதிகம், பற்றாக்குறையைக் குறைத்தே ஆகவேண்டும், ஆனால் எதைக் குறைப்பது என்பதில் ஒத்த கருத்து இல்லை என்று வைத்துக்கொள்வோம். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? பேசத் தகுந்த வழிகள் நான்கு இருக்கின்றன. தானியங்கி வெட்டு ஒன்று. உச்சவரம்பும் ‘புதுச் செலவுக்குப் புது வரவு காட்டு’ என்ற விதியும் சேர்ந்தது இன்னொன்று. ஒவ்வொரு திட்டத்தையும் உட்கார்ந்து பரிசீலித்து வெட்டுவது மூன்றாவது. நடுநிலைக் குழுவிடம் பட்டியல் கேட்டு முழுதாக ஏற்பது அல்லது முழுதாக மறுப்பது நான்காவது. நான்குமே எங்கேனும் நடைமுறைக்கு வந்தவை, எனவே ஊகம் தேவையில்லை.

தானியங்கி வெட்டு பிறந்த கதை

இதற்கு அமெரிக்காவில் இரண்டு பிறப்பு. முதலாவது 1985இல். அந்த நிதியாண்டின் பற்றாக்குறை சுமார் 21,200 கோடி டாலர். அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று சட்டம் வைத்திருக்கும் கடன் உச்சவரம்பை 2 லட்சம் கோடி டாலருக்கு மேல் உயர்த்தவேண்டிய நெருக்கடி. உயர்த்த ஓட்டுப் போடுகிறோம், ஆனால் கடிவாளம் வேண்டும் என்று செனட்டர்கள் ஃபில் கிராம், வாரன் ரட்மன், எர்னஸ்ட் ஹாலிங்ஸ் மூவரும் கொண்டுவந்த சட்டத்தில் அந்த டிசம்பரில் ரீகன் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 3,600 கோடி டாலர் வீதம் பற்றாக்குறை இறங்கி 1991இல் பூஜ்யமாக வேண்டும். இறங்காவிட்டால் வெட்டு தானாக விழும். ராணுவத்தில் பாதி, மற்றதில் பாதி. இது மோசமான யோசனைதான், ஆனால் அதற்கு நேரம் வந்துவிட்டது என்று ரட்மனே சொன்னது பலமுறை மேற்கோள் காட்டப்படுகிறது. பெற்றவரே பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னால் அடுத்தவர் என்ன சொல்ல?

1986 மார்ச் 1ஆம் தேதி முதல் வெட்டு விழுந்தது. சுமார் 1,170 கோடி டாலர். அந்த ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் சட்டத்தின் நடுநரம்பை அறுத்தது. வெட்டு எவ்வளவு என்று தீர்மானிக்கும் பொறுப்பு தலைமைத் தணிக்கை அதிகாரியிடம் இருந்தது. காங்கிரஸால், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தால், நீக்கக்கூடிய அந்த அதிகாரி நிர்வாகத்தின் வேலையைச் செய்யக்கூடாது என்றது தீர்ப்பு. 1987இல் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பொறுப்பை வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்துக்கு மாற்றி, பூஜ்ய இலக்கையும் 1993க்குத் தள்ளினார்கள்.

அப்புறம் நடந்தது கணக்கு வித்தை. சட்டம் பார்த்தது நிதியாண்டு தொடங்கும்போது போடும் மதிப்பீட்டை மட்டுமே. ஆண்டு முடிவில் உண்மையில் என்ன ஆனது என்பதை அல்ல. ஆகவே பொருளாதாரம் பிரமாதமாக வளரும் என்று எழுதினால் இலக்கு எட்டிவிடும். ராணுவச் சம்பள நாளை நிதியாண்டின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு நாள் நகர்த்தினால் காகிதத்தில் மிச்சம் வரும். 1990க்கான திருத்திய இலக்கு 10,000 கோடி டாலர். உண்மையில் வந்த பற்றாக்குறை 22,100 கோடி. இலக்கைத் தவறவிடுவது குற்றமில்லை, தவறவிடுவோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் குற்றம் என்று ஒரு சட்டம் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இரண்டாம் பிறப்பு 2011 ஆகஸ்ட் 2. அதே கடன் உச்சவரம்பு, அதே கழுத்துப்பிடி. பத்தாண்டுகளில் சுமார் 90,000 கோடி டாலர் மிச்சமாகும்படி ஆண்டுதோறும் ஒதுக்கும் துறைச் செலவுகளுக்கு முதலில் வரம்பு வைத்தார்கள். இன்னும் 1.2 லட்சம் கோடியாவது குறைக்க, கட்சிக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு பேர் கொண்ட ‘சூப்பர் கமிட்டி’ வழி சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் தானியங்கி வெட்டு. வட்டி மிச்சத்தைக் கழித்து, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு சுமார் 10,930 கோடி டாலர். அதில் பாதி ராணுவத்தின் தலையில்.

ராணுவம் ஏன் பாதி? குடியரசுக் கட்சிக்கு ராணுவ வெட்டு வலிக்கும், ஜனநாயகக் கட்சிக்கு உள்நாட்டுத் திட்ட வெட்டு வலிக்கும். இருவருக்கும் வலித்தால் இருவரும் பேசி முடிப்பார்கள் என்பது கணக்கு. அதாவது வெட்டு விழவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பூச்சாண்டியாகத்தான் அதை நிறுத்திவைத்தார்கள். 2012 அக்டோபரில் தேர்தல் விவாத மேடையில் ஒபாமா, ‘அது நடக்காது’ என்று அடித்துச் சொன்னார். சூப்பர் கமிட்டியோ அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, 2011 நவம்பர் 21 அன்று, கையை விரித்துவிட்டிருந்தது. 2013 ஜனவரியில் விழவேண்டிய வெட்டை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள். மார்ச் 1 அன்று பூச்சாண்டி நிஜமாகவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

வெட்டு எப்படி வெட்டியது

அந்த ஆண்டுக்கு சுமார் 8,500 கோடி டாலர். ராணுவத் துறைச் செலவில் 7.8 சதவீதம், மற்ற துறைச் செலவில் 5 சதவீதம், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் 2 சதவீதம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் நிதியாண்டு செப்டம்பரில் முடிகிறது; ஐந்து மாதச் செலவு ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த ஏழு மாதங்களில் பார்த்தால் ராணுவத்துக்கு அது சுமார் 13 சதவீதம், மற்றவற்றுக்கு சுமார் 9 சதவீதம்.

இன்னொரு முடிச்சும் உண்டு. வெட்டு துறைக்கு மொத்தமாக இல்லை. துறைக்குள் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக. ஒன்றில் கொஞ்சம் அதிகம் வெட்டி இன்னொன்றைக் காப்பாற்றலாம் என்றால் சட்டம் அனேகமாக அனுமதிக்காது. சம்பளம் குறைந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவர் வந்து, ‘இந்த மாதம் எல்லாவற்றிலும் ஐந்து சதவீதம் குறைத்துவிடுங்கள், ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடக்கூடாது’ என்கிறார். கேபிள் டிவியில் முழுதாகவே குறைக்கலாம், அது கூடாது. வீட்டு வாடகையில் ஐந்து சதவீதம் குறைத்துக் கொடுத்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரையில் எந்த ஓரத்தைக் கிள்ளுவது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளக்கும் கோல் இருக்கிறது, எந்த ஆறு என்று பார்க்க மட்டும் அனுமதி இல்லை.

மருத்துவ ஆய்வுக்குப் பணம் தரும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு 155 கோடி டாலர் போயிற்று. ஏற்கெனவே தொடங்கிய ஆய்வுகளை நடுவில் நிறுத்த முடியாது. ஆகவே புது ஆய்வு மானியங்கள்தான் நூற்றுக்கணக்கில் குறைந்தன. விமானப்படை தன் போர் விமானப் பிரிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைப் பறக்காமல் நிறுத்தியது. பாதுகாப்புத் துறையான பென்டகனின் சுமார் ஆறரை லட்சம் சிவில் ஊழியர்களுக்குப் பதினொரு நாள் ஃபர்லோ என்றார்கள், கடைசியில் அது ஆறு நாளானது. ஹெட் ஸ்டார்ட்டில் நாடு முழுவதும் 57,000 குழந்தைகளின் இடம் போனது.

மெடிகேரின் இரண்டு சதவீதம் விளையாடிய விளையாட்டு இன்னும் விசித்திரம். புற்றுநோய் மருந்தை மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் தாங்களே வாங்கிவைத்து நோயாளிக்குக் கொடுக்கின்றன. மருந்தின் சராசரி விலையோடு 6 சதவீதம் சேர்த்து மெடிகேர் திருப்பித் தரும். மருந்து விலை குறையவில்லை, மெடிகேர் தருவது மட்டும் குறைந்தது. விளைவு, அந்த 6 சதவீதம் நாலே கால் சதவீதத்துக்குப் பக்கம் இறங்கியது. சில கிளினிக்குகள் கட்டுப்படியாகாது என்று நோயாளிகளை மருத்துவமனைக்கு அனுப்பின. அங்கே அதே சிகிச்சைக்குப் பொதுவாகச் செலவு அதிகம். மிச்சம் பிடிக்கப் போட்ட விதி செலவை வேறு கணக்குக்குத் தள்ளியது.

யார் தப்பித்தார்கள் என்று பார்த்தால் கதை தெளிவாகிறது. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட், முன்னாள் படைவீரர் சலுகைகள், உணவு உதவி, கடன் வட்டி எல்லாவற்றுக்கும் சட்டத்திலேயே விலக்கு. ஏழைகளுக்கான திட்டங்களைக் காத்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீண்டகாலப் பற்றாக்குறையை ஏற்றுகிற பெரிய செலவுகளும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. எஞ்சிய, மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றியிருக்கும் துறைச் செலவுகள்தான் ஏறத்தாழ முழு அடியையும் வாங்கின. வெட்டு விழுந்த பிறகு தப்பித்தவர்கள் வேறு ரகம். இறைச்சிக் கூடங்களை ஆய்வு செய்யும் அதிகாரிகள் வீட்டில் இருந்தால் இறைச்சி ஆலை ஓடக்கூடாது என்பது சட்டம். ஆலைகள் குரல் கொடுத்ததும் மார்ச் மாதத்திலேயே 5.5 கோடி டாலர் கிடைத்தது. விமான நிலையக் கட்டுமானக் கணக்கிலிருந்து 25.3 கோடி டாலர் வரை எடுத்து ஃபர்லோவை நிறுத்த அனுமதி கிடைத்ததும் இப்படித்தான். குலுக்கலில் பெயர் விழுந்த நாலு வயதுக் குழந்தைகளுக்கு அந்த ஆண்டு எந்த அவசர மசோதாவும் வரவில்லை.

இதன் ஆதரவாளர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. வானம் இடிந்து விழும் என்று அமைச்சர்கள் பேசினார்கள், விழவில்லை. துறைகள் பழைய மிச்சங்களைத் துழாவி எடுத்தன, பயிற்சி வகுப்புகளையும் பயணங்களையும் ரத்து செய்தன. ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்றிலிருந்து ஏழு நாள் வரை ஃபர்லோ கிடைத்ததே தவிர, தணிக்கை அலுவலகத்தின் ஆய்வில் நிரந்தரமாக வேலை இழந்தவர் என்று அகப்பட்டது ஒரே ஒருவர். மத்திய அரசின் மொத்தச் செலவு 2012, 2013 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் குறைந்தது. இது அங்கே அபூர்வம். பேசிப் பேசிக் குறைக்க முடியாததை மிரட்டல் குறைத்தது என்று அவர்கள் சொன்னால், ஆமாம், குறைத்தது.

ஆனால் வேலையின்மை ஏழு சதவீதத்துக்கு மேல் இருந்த நேரத்தில் குறைத்தது. வெட்டை ரத்து செய்தால் 2014இன் மூன்றாம் காலாண்டில் சுமார் 9 லட்சம் வேலைகள் கூடுதலாக இருக்கும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் 2013 ஜூலையில் கணித்தது. தேதி வந்ததும் வெட்டும் இந்தக் கடிகாரம், பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அந்த ஆண்டு இறுதியிலேயே குடியரசுக் கட்சியின் பால் ரயனும் ஜனநாயகக் கட்சியின் பேட்டி மர்ரியும் உட்கார்ந்து, இரண்டு ஆண்டுகளுக்கு 6,300 கோடி டாலர் அளவுக்கு வெட்டைத் தளர்த்தினார்கள். தோற்றுப்போன சூப்பர் கமிட்டியின் இணைத் தலைவர்களில் ஒருவர்தான் மர்ரி. பிறகு 2015, 2018, 2019 என்று மூன்று முறை மேலும் தளர்வு.

உச்சவரம்பும் ‘வரவைக் காட்டு’ விதியும்

1990இல் பழைய சட்டம் முட்டுச்சந்துக்கு வந்தது. அப்படியே விட்டால் பல துறைகளில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக வெட்டவேண்டியிருக்கும். அப்போதுதான் மூத்த புஷ், புது வரி இல்லை என்று தேர்தலில் கொடுத்த வாக்கை மீறி எதிர்க்கட்சியோடு ஒப்பந்தம் போட்டார். அதோடு வந்த விதிகள் எளிமையானவை. ஆண்டுதோறும் ஒதுக்கும் துறைச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு. நிரந்தரச் செலவையோ வரியையோ மாற்றும் எந்தப் புதுச் சட்டமும் பற்றாக்குறையைக் கூட்டக்கூடாது. கூட்டினால் ஈடு காட்டவேண்டும். இரண்டாவதைப் ‘பேகோ’ என்பார்கள்.

நுட்பமான வேறுபாடு இங்கேதான். 1985 சட்டம் பற்றாக்குறை என்ற விளைவைப் பிடித்து ஆட்டியது. மந்தம் வந்து வரி வருவாய் விழுந்தால் பற்றாக்குறை தானாக ஏறும், அதற்கும் காங்கிரஸுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் வெட்டு விழும். 1990 சட்டமோ காங்கிரஸ் புதிதாக என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்த்தது. மழை பெய்ததற்குத் தண்டனை இல்லை, குடையை விற்றதற்குத்தான் தண்டனை. தானியங்கி வெட்டு அப்போதும் சட்டத்தில் இருந்தது, ஆனால் விதியை மீறுபவரைப் பிடிக்கும் காவலாக. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் பட்ஜெட்டில் உபரி. அதில் பெரும் பங்கு அப்போதைய பொருளாதார ஏற்றத்துக்கும் 1990, 1993 வரி உயர்வுகளுக்கும் உரியது. விதிகள் செய்ததெல்லாம் வந்த பணத்தைக் கொஞ்ச காலம் ஓடவிடாமல் பிடித்ததுதான். கொஞ்சமா என்ன, பெரிய விஷயம்.

ஓட்டைகளும் உண்டு. ‘அவசரச் செலவு’ வரம்புக்குள் வராது. உடனே பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை, 2000ஆம் ஆண்டுக்கு, அவசரச் செலவு என்று எழுதினார்கள். 1790 முதல் வந்துகொண்டிருக்கும் அவசரம்! 2011க்குப் பிறகு வெளிநாட்டுப் போர்ச் செலவுக் கணக்கு அதே வேலையைச் செய்தது. பேகோ 2002இல் காலாவதியாகி 2010இல் திரும்ப வந்தது. 2017இன் பெரிய வரிக்குறைப்பு நிறைவேறிய அதே மாதத்தில், அதற்கான பேகோ தண்டனையைத் தள்ளுபடி செய்து இன்னொரு சட்டம் போட்டார்கள். மனமிருந்தால் வேலை செய்யும் விதி, மனமில்லாதவரைத் தடுக்காது.

கனடா செய்த வேலை

என் கணிப்பில் இதுதான் சரியான வழி, எல்லோராலும் முடியாத வழியும் இதுதான். 1990களின் நடுவில் கனடா அரசு ஈட்டிய ஒவ்வொரு டாலரிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. 1994 டிசம்பரில் மெக்சிகோவின் நாணயம் சரிந்ததும் சந்தை அடுத்து யார் என்று தேட ஆரம்பித்தது. கனடாவைப் பார்த்துத்தான் முதல் சந்தேகம். முந்தைய அரசுகள் எல்லாத் துறைக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பலமுறை நறுக்கிப் பார்த்திருந்தன, பற்றாக்குறை அசையவில்லை.

பிரதமர் ழான் க்ரெட்யேனின் லிபரல் அரசில் நிதியமைச்சர் பால் மார்ட்டின், பரிசீலனைக்குப் பொறுப்பான அமைச்சர் மார்செல் மாஸே. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆறு கேள்விகள். இது இன்னும் பொதுநலனுக்குத் தேவையா? அரசுதான் செய்யவேண்டுமா? மத்திய அரசா, மாகாணமா? தனியாரோடு சேர்ந்து செய்யலாமா? இதைவிடச் சிக்கனமாகச் செய்ய முடியுமா? கடைசியாக, இதற்கெல்லாம் தேறிய பிறகும், கையில் காசு இருக்கிறதா?

கேள்விகள் பள்ளிக்கூடத் தேர்வு மாதிரி இருந்தாலும் 1995 பிப்ரவரி பட்ஜெட்டில் வந்த விடைகள் அப்படி இல்லை. போக்குவரத்துத் துறையின் செலவு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியானது. மேற்கு மாகாணத் தானியத்தை ரயிலில் ஏற்றத் தந்துவந்த பழைய மானியத்தை ஒழித்தார்கள். அரசின் சிஎன் ரயில் நிறுவனத்தை அந்த ஆண்டே தனியாருக்கு விற்றார்கள். 45,000 அரசுப் பணியிடங்கள் குறைந்தன. சில துறைகளில் கத்தி பட்டதே தெரியவில்லை, சிலவற்றில் எலும்பு வரை போயிற்று. 1997-98இல் பட்ஜெட் உபரிக்கு வந்துவிட்டது.

இதைச் சாதனைக் கதையாக மட்டும் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். மாகாணங்களுக்குத் தரும் சுகாதார, கல்வி, சமூக நல நிதியையும் மத்திய அரசு பெரிதாக வெட்டியது. மாகாணங்கள் மருத்துவமனைகளை மூடின. மத்திய அரசின் கணக்கு நேரானதில் ஒரு பங்கு, அடுத்த வீட்டு முற்றத்தில் குப்பையைக் கொட்டியதால் வந்தது. இரண்டாவது, பெரும்பான்மை உள்ள ஒரே கட்சி, அமைச்சரவைக்குள் முடிவெடுத்தால் நாடாளுமன்றத்தில் தோற்காது என்ற நிலை. வாஷிங்டனில் அது கிடையாது. ஆனால் ஒன்று. யார் வெட்டினார்கள் என்று ஊருக்கே தெரியும். அடுத்த தேர்தலில் கேள்வி கேட்க ஆள் இருந்தது. கடிகாரத்தை யார் கேள்வி கேட்பது?

பட்டியலை முழுதாக எடு, அல்லது விடு

நான்காவது வழி அமெரிக்காவின் ராணுவ முகாம்களிலிருந்து வந்தது. தேவைக்கு அதிகமாக முகாம்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். என் தொகுதியில் மட்டும் மூடாதே என்பதும் எல்லோருடைய நிலை. 1977க்குப் பிறகு ஒரு பத்தாண்டு பெரிய முகாம் எதையும் மூடவே முடியவில்லை. 1988இல் டிக் ஆர்மி என்ற உறுப்பினரின் யோசனை சட்டமானது. வெளிக் குழு ஒன்று பட்டியல் தயாரிக்கும். அதில் ஒரு பெயரைக்கூட காங்கிரஸால் பிடுங்க முடியாது. முழுப் பட்டியலையும் நிராகரித்தால்தான் உண்டு. 1988, 1991, 1993, 1995, 2005 என்று ஐந்து சுற்றில் நூற்றுக்கணக்கான தளங்கள் மூடப்பட்டன. ஐந்தாவது சுற்றுக்கு ஆன செலவு 2,100 கோடி டாலர் மதிப்பீட்டிலிருந்து சுமார் 3,500 கோடிக்கு ஏறியதில் காங்கிரஸுக்குக் கசந்துபோய், ஆறாவது சுற்றுக்கு இன்றுவரை அனுமதி இல்லை.

முகாம்களுக்குச் சரியாக வந்தது ஏன் என்றால், மூடவேண்டும் என்பதில் கொள்கைச் சண்டை இல்லை. ‘எங்கே’ என்பதில் மட்டும்தான். 2011இன் சூப்பர் கமிட்டிக்கும் முழுப் பட்டியல் மீது திருத்தமில்லா ஓட்டு என்ற அதே வசதி இருந்தது. இருந்தும் பட்டியலே வரவில்லை, காரணம் அங்கே சண்டையே கொள்கையில். வரியைக் கூட்டுவதா, நலத்திட்டத்தைக் குறைப்பதா? கட்சிக்கு ஆறு பேர் உட்கார்ந்தால் ஆறுக்கு ஆறுதான்.

சுவிட்சர்லாந்தின் ‘கடன் தடுப்பு’ விதியை நண்பர்கள் ஐந்தாவதாகச் சேர்க்கச் சொல்வார்கள். 2001இல் 85 சதவீத வாக்காளர் ஏற்று, 2003 முதல் நடப்பில் உள்ளது. பொருளாதார ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்த்த வருவாய் எவ்வளவோ அவ்வளவுதான் செலவு. என் பார்வையில் அது இரண்டாவது வழியின் நல்ல வடிவம். மக்கள் ஓட்டே அதற்குக் காவல் என்பதால் அங்கே நிற்கிறது. அந்தக் காவலை இன்னொரு நாட்டுக்கு இறக்குமதி செய்ய முடியாது.

எதை எடுப்பது

கையில் பெரும்பான்மை உள்ள அரசு என்றால் கனடா வழிதான். வேறு எதற்கும் சாக்கு இல்லை. மாகாணங்களின் தலையில் கட்டாமல் செய்யவேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு. அதிகாரம் பிரிந்து கிடக்கும் வாஷிங்டன் மாதிரி இடத்தில், வரம்பும் பேகோவும் அன்றாடக் கட்டுப்பாடாக இருக்கட்டும். ‘அவசரம்’ என்ற சொல்லுக்கு மட்டும் யாராவது பூட்டுப் போடட்டும். ஊருக்கு ஊர் இடம் மட்டுமே பிரச்சினையாக உள்ளவற்றுக்கு, முகாம்கள், கிளை அலுவலகங்கள் போன்றவற்றுக்கு, மூடிய பட்டியல்.

தானியங்கி வெட்டை முழுதாக ஒதுக்கமாட்டேன். ஆனால் அது பூச்சாண்டியாக மட்டும் நிற்பதற்கு மூன்று மாற்றங்கள் வேண்டும். ஒன்று, சின்னதாக இருக்கவேண்டும். 2023இன் கடன் வரம்பு ஒப்பந்தத்தில், துறை ஒதுக்கீட்டு மசோதாக்கள் நேரத்துக்கு நிறைவேறாவிட்டால் 1 சதவீத வெட்டு என்று எழுதினார்கள். இழுத்துப் பறித்து 2024 மார்ச்சில் பன்னிரண்டு மசோதாக்களும் நிறைவேறின. அந்த ஒரு சதவீதம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்; ஆனால் விழுந்திருந்தாலும் நாட்டைக் குலுக்கியிருக்காது. இரண்டு, துறைக்குள் மாற்றிக்கொள்ள முதல் நாளிலிருந்தே அனுமதி வேண்டும். விமான நிலையத்துக்கு ஆறாவது நாள் கொடுத்ததை எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுப்பதுதான் இது. மூன்று, பாதி வெட்டு, பாதி வரி என்று இருக்கவேண்டும். ராணுவ வெட்டு குடியரசுக் கட்சிக்கு வலிக்கும் என்று 2011இல் போட்ட கணக்கு தப்பாகப் போனது; வரி உயர்வைவிட ராணுவ வெட்டே தேவலை என்று அவர்களில் பலர் முடிவெடுத்தார்கள். பூச்சாண்டிக்கு யார் பயப்படுவார்கள் என்று தெரியாமல் பூச்சாண்டி செய்யக்கூடாது.

மூன்றாவது மாற்றத்துக்கு அமெரிக்காவில் ஓட்டு விழாது என்பது எனக்கும் தெரியும்.

துறைகள் மீதான வெட்டு 2021இல் முடிந்தது. மெடிகேரின் இரண்டு சதவீதம் முடியவில்லை. கொரோனா காலத்தில் 2020 மே முதல் நிறுத்திவைத்து, 2022 ஜூலையிலிருந்து முழுதாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதலில் 2021 வரை என்றிருந்தது. வேறு ஏதாவது செலவுக்கு ஈடு காட்டவேண்டிய போதெல்லாம், சாலை, பாலங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட, அதை ஓரிரு ஆண்டு நீட்டி மிச்சக் கணக்கு எழுதினார்கள். பிறகு அது 2032 வரை நீண்டது.